தாஸ் வளைவுக்கு ஒரு கேன் தண்ணீர்

எனக்கும் என் கணவருக்கும் கல்யாணமான நாளிலிருந்து நடந்த சண்டைகளில் மிகப் பெரியது ஒரு கற்பூரக் கட்டியால் வந்தது. சுண்டு விரல் நுனியளவுதான் இருக்கும். அதை அவர் என் ரோட்டில் வைத்துக் கொளுத்தினார்.

‘என் ரோடு’ என்று நான் சொன்னாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். “உங்கப்பன் சீதனமாக் குடுத்ததா?” என்பார். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் புதிதாகப் போட்ட மலைப்பாதைக்குத் தார் பக்குவம் பார்த்த ஆய்வுக்கூடத்தில் நான் பொறியாளர். அந்தப் பாதையில் ஊட்டியிலிருந்து விடிகாலை முதல் பஸ்ஸை இறக்குகிற டிரைவர் அவர். பெயர் மயில்சாமி. அவர் வண்டி ஓட்டுகிற ரோட்டுக்கு நான் பொறுப்பு, என் ரோட்டில் போகிற உயிர்களுக்கு அவர் பொறுப்பு. இப்படி ஓர் ஏற்பாட்டில் வீட்டில் அமைதி எங்கிருந்து வரும்?

அந்த ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்போதெல்லாம் மேட்டுப்பாளையத்தில் சித்திரை வெயில் நாற்பத்தெட்டு டிகிரியைத் தொட ஆரம்பித்திருந்தது. ஊட்டியிலோ தை மாதத்தில் வாசலில் வைத்த வாளித் தண்ணீர் அடிவரைக்கும் உறைந்து கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு காலைப் பயணம்தான் தூரம். சாதாரணத் தாரால் இதைத் தாங்க முடியவில்லை. கீழே உருகி லாரி டயரோடு ஒட்டிக்கொண்டு போயிற்று. ரோட்டைக் கடந்தவர்கள் அக்கரைக்கு வெறுங்காலோடு போய்ச் சேர்ந்தார்கள், செருப்பு நடுரோட்டில் நின்றது. மேலே பனியில் அதே தார் அப்பளமாக நொறுங்கியது. கெட்டியான தாரைப் போட்டால் வெயிலுக்கு நிற்கும், பனிக்கு வெடிக்கும். இளக்கமான தாரைப் போட்டால் பனியைத் தாங்கும், வெயிலில் குழம்பாகும். வருடத்துக்கு இரண்டு முறை பாதையை மூடி ஒட்டுப் போடுவது வழக்கமாகிவிட்டது.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஜமால்தீன் சார் வேதியியல்காரர். வெகு காலம் இதே நினைவாக இருந்து ஒரு புதுத் தாரைச் செய்தார். அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் மயில்சாமி என்னைக் கேட்டார்.

“வெயில் பட்டா இறுகும், குளிர் பட்டா இளகும்” என்றேன்.

“தலகீழா இருக்குதே. வெண்ணெய் வெயில்ல உருகுது, குளுருல கெட்டியாகுது. எல்லாம் அப்படித்தான?”

“அதான் மாமா விஷயமே. தாருக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாலிமர் மணி கலந்திருக்கோம். சூடு வந்தா மணியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கும். குளிர் வந்தா கையை விட்டுரும். தார் உருகப் பாக்குறப்ப பிடிச்சுக்குது, வெடிக்கப் பாக்குறப்ப விட்டுக் குடுக்குது.”

“எல்லா மணிக்கும் வெயில் படாதே. அடியில இருக்கறது என்ன பண்ணும்?”

“பக்கத்து மணி கை கோத்தா இதுவும் கோத்துக்கும். ஒண்ணைப் பாத்து ஒண்ணு மாறும்.”

“நம்மூர்ல வெள்ளையடிக்கிற மாதிரி. ஒருத்தன் வீட்டுக்கு அடிச்சாப் போதும்” என்றார். அதை நான் ஜமால்தீன் சாரிடம் சொன்னேன். அவர் அதற்கப்புறம் கூட்டங்களில் எல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

புதுத் தார் போட்டபின் முதல் சித்திரை வந்தபோது நாங்கள் எல்லோரும் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிப்போய், உச்சி வெயிலில், உருளைக்கிழங்கு லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் காத்திருந்தோம். லாரிகள் நகர்ந்தன. ரோட்டில் ஒரு தடம்கூட இல்லை. ஜமால்தீன் சார் குனிந்து கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் சுட்டதே தவிர தார் நகரவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த அவரைப் பார்த்து டீக்கடைக்காரர் என்னிடம், “ஏனுங்க, அவருக்கு ஒண்ணுமில்லீங்களே?” என்று விசாரித்தார். ஊர் அதற்குப் பச்சோந்தித் தார் என்று பெயர் வைத்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சாருக்கு வருத்தம் இருந்தது.

“ஞாபகம் வரும்னு நெனச்சேன்மா” என்றார். “நேத்து இந்நேரம் குளிர் வந்துச்சு, இன்னைக்கும் வரும்னு அதுவே முன்கூட்டி இளகும்னு கணக்குப் போட்டேன். லேப்ல ஒரு தடவைகூட நடக்கல. விளம்பரத்துல அந்த வரியை எடுத்துடச் சொல்லிட்டேன்.”

“இதுவே போதும் சார்” என்றேன். வெயிலில் தலை சுற்றிக்கொண்டிருந்தது.

ரோட்டுக்குள் அங்கங்கே சில்லுகள் பதித்திருந்தோம். பஸ்ஸின் அடியில் இருக்கும் பெட்டி, பஸ் அவற்றைத் தாண்டிப் போகும்போதே படித்துக்கொள்ளும். ரோடு எங்கே எவ்வளவு இறுகியிருக்கிறது, எப்போது இளகத் தொடங்கியது என்பதெல்லாம் பஸ் டிப்போவுக்குத் திரும்பியதும் எங்கள் திரையில் வந்துவிடும். பஸ் ஓடாவிட்டால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பஸ் எதற்கு ஓடாமல் இருக்கப்போகிறது என்று நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஐப்பசியில் திரையில் ஒரு கறை தெரிந்தது. ஊட்டியை விட்டு இறங்கும்போது யூகலிப்டஸ் தோப்பை ஒட்டி, ஓடைக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவு. அந்த வளைவில் மட்டும் ரோடு இறுகிக் கிடந்தது. சுற்றிலும் எல்லாம் சாயங்காலக் குளிருக்கு ஒழுங்காக இளகுகிறது, இது மட்டும் விடிய விடிய யோசித்துக்கொண்டிருக்கிறது. கறை வாரத்துக்கு வாரம் பெரிதாகிக்கொண்டும் வந்தது.

“யாராவது அங்க அடுப்பு மூட்டுறாங்களா?” என்று சார் கேட்டார்.

எனக்குக் காது சூடாயிற்று. யார் மூட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த இடத்துக்கு தாஸ் வளைவு என்று பெயர். ஆரோக்கியதாஸ் என்று ஒரு கண்டக்டர். மயில்சாமியோடு அதே முதல் பஸ்ஸில் வருஷக்கணக்காகப் போனவர். பழைய ரோடு இருந்தபோது ஒரு தை மாதக் காலையில், பனியில் நொறுங்கிக் கிடந்த தார் டயருக்கடியில் சரளைக் கல்லாக உருண்டு, பஸ் வளைவில் சறுக்கிச் சுவரில் மோதிச் சாய்ந்தது. பயணிகள் கை கால் முறிவோடு தப்பினார்கள். படியோரம் நின்று விசில் கொடுத்துக்கொண்டிருந்த ஆரோக்கியதாஸ் மட்டும் பிழைக்கவில்லை. அன்றைக்கு ஓட்டியது வேறு டிரைவர். நாங்கள் புது வீட்டில் பால் காய்ச்சிய நாள் அது, மயில்சாமி லீவு போட்டிருந்தார். அந்தப் பாலை அவர் குடிக்கவே இல்லை.

அப்போதிருந்து தினமும் அந்த வளைவில் வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்தி, ரோட்டோரத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் இறங்குவார். மற்ற டிரைவர்களும் ஆளுக்கொரு கட்டி வைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

“கற்பூரமா?” என்றார் சார். “அது எவ்வளவு சூடு வந்துடப்போகுது?” பிறகு அவரே பதிலையும் சொன்னார். “தயிருக்கு உறை ஊத்துறோம்ல. கரண்டி மோர்தான், குண்டாப் பால் முழுக்க மாறிடுது. தினம் ஒரே இடத்துல சூடு வைக்கிறாங்க. அந்த இடத்து மணி பக்கத்து மணிக்குச் சொல்லுது. மறுபடி இளகுறதுக்கு அதுக்கு நேரம் பத்தல. மந்தமாயிடுச்சு.”

“பனி வந்தா?”

“இறுகின தார்ல உறைபனி விழுந்தா பழைய ரோடுதான். நொறுங்கிடும்.”

பழைய ரோடு என்ன செய்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். முதல் பஸ்ஸில் யார் உட்கார்ந்திருப்பார் என்பது எனக்குக் கூடுதலாகத் தெரியும்.

அன்று மாலை வீட்டில் நான் நிதானமாகத்தான் ஆரம்பித்தேன். நிதானம் எனக்குக் கொஞ்ச நேரம்தான் நிற்கும்.

“நாளையில இருந்து வளைவுல கற்பூரம் ஏத்தாதீங்க மாமா.”

“ஏன்?”

“ரோடு கெட்டுப்போகுது.”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “லாரி ஏறுனாக் கெடாது, மழை பேஞ்சாக் கெடாது, நாப்பத்தெட்டு டிகிரி வெயில் அடிச்சாக் கெடாது. நான் ஒரு கற்பூரம் வெச்சாக் கெட்டுப்போயிருமா?”

“வெயில் ரோடு முழுக்க அடிக்குது, சாயங்காலம் போயிருது. நீங்க காலையில பனியில வெக்கறீங்க. அது வெயில்னு நெனச்சுக்குது.”

“அவ்வளவு வெவரம் கெட்ட ரோட்டையா போட்டு வெச்சிருக்கறீங்க?”

“சுவத்து மேல ஏத்துங்களேன்.”

“காத்து தூக்கிட்டுப் போயிரும். வளைவோரப் பள்ளத்துலதான் நிக்குது.”

“அவரு வேதக்காரரு மாமா, சர்ச்சுக்குப் போனவரு! அவருக்கு எதுக்குக் கற்பூரம்?”

“மெழுகுவத்தி அந்தக் காத்துல நிக்காது” என்றார், வெகு சாதாரணமாக. “வெச்சுப் பாத்துட்டுத்தான் கற்பூரத்துக்கு வந்தேன்.”

பதில் இல்லாதபோது நான் செய்வதைத்தான் அப்போதும் செய்தேன், குரலை உயர்த்தினேன். “செத்தவருக்காகப் பாத்துப் பாத்து இருக்கறவங்களையும் கொல்லப் போறீங்களா?” என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் மாறிப்போயிற்று. “செத்தவனுக்கு ஒரு வெளக்குக் காட்ட எடங்குடுக்காத ரோடு எனக்கு வேண்டாம். நீயே வெச்சுக்க உன்ற ரோட்ட” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மறுநாள் கற்பூரம் ஏற்றினாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வீட்டில் பேச்சு நின்றது.

ரோடு போட்ட நிறுவனம் வளைவில் நெருப்பு வைக்கக்கூடாது என்று பலகை நட்டது. பலகைக்குக் கீழேயே கற்பூரம் எரிந்தது. பனிக்காலம் முடியும்வரை விடிகாலையில் பாதையை மூடிவிடலாம் என்று நிறுவனத்தில் பேசினார்கள். அப்படி மூடினால் முதல் பஸ் கிடையாது. அதில் கீழே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் மார்க்கெட்டுக்குக் கேரட் மூட்டை கொண்டுபோகிறவர்களும் உண்டு. மாற்றுப் பாதை முந்தைய மழையில் சரிந்து கிடந்தது. ஒரு கற்பூரக் கட்டிக்காக ஒரு மலையே காத்துக் கிடக்க வேண்டும். கோபத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபத்துக்கு அடியில் இருந்தது பயம்தான்.

அந்த நாட்களில் ஒரு மாலை, பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊட்டிக் குளிரில் தயிர் உறையாது, கம்பளித் துணி சுற்றி வைக்க வேண்டும். துணியைச் சுற்றும்போதுதான் சார் சொன்ன கரண்டி மோர் நினைவுக்கு வந்தது. சூட்டை உறை ஊற்றினால் ரோடு முழுக்கச் சூடு பரவுகிறது. குளிரை உறை ஊற்றினால்? பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டுச் சாருக்குப் போன் செய்தேன்.

“பனி விழுறதுக்கு முன்னாடியே, சாயங்காலமே குளிரைக் காட்டிட்டா என்ன சார்? ஓடைத் தண்ணி ஐஸா இருக்கும். ஒரு கேன் போதும்.”

“நீங்க தயிர் சாப்பிடுறதை நிறுத்தவே கூடாதும்மா” என்றார்.

மறுநாள் மாலையே இருவரும் போய் ஓடையில் தண்ணீர் மொண்டு வளைவில் ஊற்றினோம். காலையில் திரையைப் பார்த்தபோது கறையின் விளிம்பு உள்வாங்கியிருந்தது. தொடர்ந்து சில நாள் ஊற்றினோம், கறை சுருங்கிக்கொண்டே வந்தது. ஆனால் ஒரு நாள் விட்டாலும் பகல் வெயிலில் திரும்ப இறுகிவிடும் என்று சார் சொன்னார். தினமும் சாயங்காலம் ஊற்ற வேண்டும், காலையில் கற்பூரமும் கூடாது. டிரைவர்கள் மனது வைக்காமல் இது நடக்காது.

டிப்போவில் கூட்டம் போட்டோம். சங்கச் செயலாளர் பெள்ளிராஜ், சாயங்காலக் கடைசி பஸ்ஸின் டிரைவர். கையைக் கட்டிக்கொண்டு நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. கற்பூரம் வேண்டாம், சரி. தண்ணி ஊத்துன்னா எப்படி? நாங்க வண்டி ஓட்ட வந்தமா, ரோட்டுக்கு நீர் பாய்ச்ச வந்தமா? உங்க ரோடு என்ன கேரட் தோட்டமா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. பின்வரிசையில் இருந்து மயில்சாமி எழுந்தார். வாரக்கணக்காக என்னோடு பேசாத மனிதர், இப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

“பெள்ளி, தாஸ் அண்ணன் எந்நேரமும் கையில என்ன வெச்சிருப்பாரு?”

“விசிலு.”

“இன்னொரு கையில?”

பெள்ளிராஜின் சிரிப்பு நின்றது. “தண்ணிக் கேனு” என்றார்.

எனக்காகத்தான் மயில்சாமி அதை விளக்கினார் என்று நினைக்கிறேன். மலைப்பாதையில் முதல் தடவை வருகிறவர்கள் வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பார்கள். ஆரோக்கியதாஸ் ஒரு கேன் தண்ணீர் இல்லாமல் வண்டி ஏறமாட்டார். யார் வாந்தி எடுத்தாலும் முகம் சுளிக்காமல் வாய் கொப்பளிக்க ஊற்றுவார், ஜன்னலைக் கழுவுவார், பை நிறைய எலுமிச்சம்பழமும் வைத்திருப்பார். அந்த ஓடையில்தான் கேனை நிரப்புவார்.

“கற்பூரம் நாமளாப் புடிச்ச பழக்கம்” என்றார் மயில்சாமி. “தண்ணி அவரு பழக்கம். அவரு கேனு இன்னும் என்ற வண்டியில சீட்டுக்கடியில கெடக்குது. சாயங்கால வண்டி அத எடுத்து ஊத்தட்டும்.”

யாரும் மறுக்கவில்லை. பெள்ளிராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “கேனை எங்கிட்டக் குடு” என்றார். வீட்டுக்குப் போகிற வழியில் மயில்சாமி, “அந்தப் பலகையப் புடுங்கிருங்க. பாக்க அசிங்கமா இருக்குது” என்றார். எங்களுக்குள் பேச்சு திரும்பியது அப்படித்தான்.

அதன்பின் தினமும் சாயங்கால பஸ் தாஸ் வளைவில் நிற்கும். பெள்ளிராஜ் இறங்கி ஓடையில் கேனை நிரப்பி வளைவில் ஊற்றுவார். கார்த்திகை போயிற்று, மார்கழியில் பனி விழத் தொடங்கியது. ரோடு ரப்பராக நெகிழ்ந்து கிடந்தது. ஒரு கீறல் இல்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

தை மாதத்தில், வருஷத்தின் கடுங்குளிர் வாரத்தில், ஒரு நாள் போக்குவரத்து வேலைநிறுத்தம் வந்தது. எங்கள் கல்யாண வாழ்க்கையில், பால் காய்ச்சிய அந்த நாளை விட்டால், ஒரு வேலை நாளில் மயில்சாமி பகல் முழுக்க வீட்டில் இருந்தது அன்றைக்குத்தான். நான் லீவு போட்டேன். மிளகாய் பஜ்ஜி போட்டேன். அவர் ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் சரிசெய்தார், பாட்டுக் கேட்டார், என் சமையலுக்குக் குறை சொன்னார். சந்தோஷமாக இருந்தோம். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்கிற நினைப்பே என் தலைக்குள் வரவில்லை.

மறுநாள், மயில்சாமி முதல் வண்டிக்குக் கிளம்பிப் போன பிறகு, விடிகிற நேரத்தில் விழித்துக் குளியலறைக்குப் போனேன். வாளியில் பனிக்கட்டி. கப்பால் தட்டினேன், கப் உடைந்தது. உடைந்த கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. நேற்றுச் சாயங்காலம் பஸ் இல்லை. பஸ் இல்லையென்றால் பெள்ளிராஜ் இல்லை. பெள்ளிராஜ் இல்லையென்றால் தண்ணீர் இல்லை.

பெள்ளிராஜுக்குப் போன் செய்தேன். “சங்கக் கூட்டத்துல இருந்தேனே மேடம்” என்றார் தூக்கக் கலக்கத்தில். “நீங்க லேபுல இருந்து யாரையாச்சும் அனுப்பியிருப்பீங்கன்னு…”

டிப்போவுக்குப் போன் செய்தேன். “முதல் வண்டி எடுத்தாச்சுங்களே” என்றார்கள். மயில்சாமி வண்டி ஓட்டும்போது போனை எடுக்கமாட்டார். நல்ல டிரைவர். அந்த நல்ல பழக்கத்தை அன்றைக்குச் சபித்தேன்.

ரோட்டைப் படிக்கும் கைக்கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பஸ் ஊருக்குள் நின்று நின்று ஆள் ஏற்றி வரும். எங்கள் வீட்டிலிருந்து தோப்பு வழியாகப் போனால் வளைவு பக்கம்தான். புல்லெல்லாம் வெள்ளையாக விறைத்து நின்றது. கைவிரல்கள் மரத்துப்போய் பிரேக் எங்கே என்று தெரியவில்லை. ‘கடவுளே, தாஸ் அண்ணே, யாராவது’ என்று சொல்லிக்கொண்டே போனேன். எனக்கு அவ்வளவாகக் கடவுள் நம்பிக்கை கிடையாது.

வளைவை அடைந்து கருவியை எடுப்பதற்குள் மேலே பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. ரோட்டின் நடுவே போய்க் கையை ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்பது புரிந்தது. இறுகிய தாரை நொறுக்க உருண்டு போகிற டயர் போதாது, பிரேக் பிடித்துத் தேய்க்கிற டயர் வேண்டும். மெதுவாக உருண்டு போயிருந்தால்கூட ஒருவேளை தப்பியிருப்பார்கள். விடிகாலைப் பனியில், நடுரோட்டில், தலையில் கம்பளித் துண்டோடு பெண்டாட்டி நிற்பதைப் பார்த்தால் எந்த மனிதன் பிரேக் பிடிக்காமல் இருப்பான்? கையைக் கீழே போட்டேன். ஓரத்துக்கு ஓடினேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

பிரேக் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். ஆரோக்கியதாஸ் போன அன்றைக்குக் கேட்டிருக்கக்கூடிய ஒரு சத்தத்தைக் கற்பனையில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன், தார் நொறுங்கிக் கல் உருளும் சத்தம். அது வரவில்லை. ஏர் பிரேக் பெருமூச்சு விட்டது. கண்ணைத் திறந்தபோது பஸ் வளைவின் நடுவில், ஒழுங்காக, தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. பின்னால் வெள்ளைப் பனியில் இரண்டு கறுப்புத் தடங்கள் சீராக வந்திருந்தன.

மயில்சாமி ஜன்னலில் தலையை நீட்டினார். “என்ன கண்ணு, டிபன் டப்பாவ மறந்துட்டு வந்துட்டனா?”

நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் பதறி இறங்கி ஓடி வந்தார். நான் அழுகையோடு அவரைத் திட்டினேன். ஏன் போனை எடுக்கவில்லை, ஏன் பிரேக் பிடித்தீர்கள், ஏன் பிரேக் பிடிக்காமல் என்மேல் ஏற்றியிருக்கக் கூடாது என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் திட்டினேன். பஸ்ஸுக்குள்ளிருந்து ஓர் அம்மாள், “ஏனுங்க டிரைவரே, புருசன் பொண்டாட்டி சண்டைய வீட்டுல வெச்சுக்கப்படாதா? எனக்கு ஆஸ்பத்திரில டோக்கன் போயிரும்” என்றார். அந்தக் குரலைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

கருவியை ரோட்டில் வைத்துப் பார்த்தேன். இன்னொரு முறையும் பார்த்தேன். ரோடு இளகியிருந்தது. மற்ற இடங்களைப் போலவே, அழகாக, வேண்டிய அளவுக்கு.

“யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க மாமா. நீங்களா?”

“நேத்து முழுக்க உன்ற பஜ்ஜியத்தான தின்னுட்டிருந்தேன்” என்றார்.

பெள்ளிராஜும் ஊற்றவில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து யாரும் போகவில்லை. ஆரோக்கியதாஸின் கேன் பெள்ளிராஜின் பஸ்ஸில், டிப்போவில், பூட்டுக்குள் இருந்தது.

அன்று பகலில் ஜமால்தீன் சாரும் நானும் சில்லுகளில் பதிந்திருந்ததைத் திரையில் ஓட்டிப் பார்த்தோம். முந்தின நாள் வெயில் தாழ்ந்ததும், குளிர் இறங்குவதற்கு வெகு முன்னாலேயே வளைவு இளகத் தொடங்கியிருந்தது. எந்த நேரம் என்று பார்த்தேன். சாயங்கால பஸ் வந்து நிற்கிற நேரம்.

சார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“தண்ணி வரல. ஆனா வரும்னு எதிர்பாத்து அதுவே இளகியிருக்கு” என்றார். “இதைத்தானேம்மா நான் லேப்ல அவ்வளவு நாள் தேடினேன். நடக்கலையே.”

“லேப்ல யாரு சார் தினமும் ஒரே நேரத்துல வந்து ஊத்துனாங்க? நாம கருவியை வச்சு இஷ்டத்துக்குச் சூடு வச்சோம், குளிர வச்சோம்.”

“அதுவும் சரிதான்.” திரையை மறுபடி ஓட்டிப் பார்த்தார். “சந்தோஷமா இருக்கு. கொஞ்சம் பயமாவும் இருக்கு. நல்லதைச் செஞ்சு காட்டினோம், நல்லதைக் கத்துக்கிச்சு. இனிமே அது மேல என்ன பண்ணினாலும் யோசிச்சுத்தான் பண்ணணும்.” பிறகு திரையின் மூலையைத் தொட்டார். “இன்னொண்ணு இருக்கு, பாருங்க.”

வளைவின் ஓரத்தில், பள்ளமான இடத்தில், உள்ளங்கையளவு ஒரு புள்ளி. ஒவ்வொரு காலையிலும், முதல் பஸ் வருகிற நேரத்துக்கு அது மட்டும் இறுகுகிறது. பஸ் போனதும் இளகிவிடுகிறது. கறை பெரிதாக இருந்தபோது அதற்குள் இது தெரியவில்லை. அங்கே கற்பூரம் எரிந்து மாதங்கள் ஆகியிருந்தன.

“ஆபத்தா சார்?”

“உள்ளங்கை அளவுதானே, ஒண்ணும் செய்யாது. வேணும்னா அதை மட்டும் வெட்டி எடுத்துட்டு ஒட்டுப் போட்டுடலாம்.”

“வேண்டாம் சார்” என்றேன், அவர் முடிப்பதற்குள்.

மாலையில் மயில்சாமியிடம் சொன்னேன். தண்ணீர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார், “பெள்ளிக்கு வேலை போச்சு” என்றார். அந்தப் புள்ளியைப் பற்றிச் சொன்னதும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

“நாம நிறுத்துனதுக்கு அப்புறமுமா?”

“தினமும். உங்க வண்டி வர்ற நேரத்துக்கு.”

அடுப்பில் பால் பொங்கியது, நான் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தேன். ஒரு டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்துக் குடித்தார்.

“இனிமே அத ‘என் ரோடு’ன்னு சொல்லாத கண்ணு” என்றார். “அது தாஸ் அண்ணன் ரோடு.”

அவர் சொன்ன எதையும் நான் உடனே ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது. அன்றைக்கு மட்டும் மறுத்துப் பேசவில்லை.